பூனைக்கு ரத்தம் உறையவில்லையா? ஊசி குத்துவது முதல் ரிப்போர்ட் படிப்பது வரை

பூனைக்கு ரத்தம் நிற்கவில்லை என்று சந்தேகம் வந்ததும் இளம் டாக்டர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "எந்த டெஸ்ட் அனுப்பட்டும் மேடம்?" என்பதுதான். நான் திரும்பக் கேட்பது இரண்டு: ரத்தத்தை எப்படி எடுத்தீர்கள்? எந்தப் பூனையோடு ஒப்பிடப் போகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் சரியாக இருந்தால் சாதாரணமான மூன்று பரிசோதனைகளே முக்கால்வாசி நோய்களைக் காட்டிக்கொடுத்துவிடும். பதில் சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து எந்த மெஷினில் போட்டாலும் வருகிற எண் நம்மை ஏமாற்றும்.

திருச்சியில் சின்ன கிளினிக் ஒன்று நடத்துகிறேன். பூனைகள் நிறைய வருகின்றன. தெருப்பூனைகளும், இப்போது வீட்டுக்கு வீடு பார்க்கிற பெர்சியன்களும். கால்நடைக்கென்று தனி லேப் வசதி எல்லா ஊரிலும் இல்லாததால் மனிதர்களுக்கான லேபில்தான் பல டெஸ்டுகளைச் செய்கிறோம். அந்த நிலையில் வேலை செய்கிற டாக்டர்களுக்காகவும் லேப் டெக்னீஷியன்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பூனை வளர்ப்பவர்கள் படித்தாலும் நல்லதே. உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

முதலில் பூனையைப் பாருங்கள்

ரத்தம் நிற்பதற்கு இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். அடிபட்ட ரத்தக் குழாயின் வாயில் பிளேட்லெட்டுகள், அதாவது தட்டணுக்கள், ஓடி வந்து ஒட்டி முதல் அடைப்பைப் போடும். அப்புறம் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருக்கிற உறைவுக் காரணிகள் ஒன்றை ஒன்று தூண்டி, கடைசியில் ஃபைப்ரின் இழைகளால் அந்த அடைப்பை இறுக்கிக் கட்டும். எந்த வேலை கெட்டிருக்கிறது என்பதைப் பூனையின் உடம்பே ஓரளவு சொல்லிவிடும்.

தட்டணுவில் கோளாறு என்றால் மேலோட்டமான கசிவு: ஈறில், காது மடலின் உட்புறத்தில், முடி மழித்த வயிற்றில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம், கருப்பாக மலம், சிறுநீரில் சிவப்பு. காரணிகளில் கோளாறு என்றால் ஆழமான கசிவு: ஊசி போட்ட இடத்தில் வீக்கம், மூட்டில் ரத்தம் சேர்ந்து நொண்டுவது, நெஞ்சுக்குள் ரத்தம் தேங்கி மூச்சு வாங்குவது. அறுவை முடிந்து நன்றாக இருந்த பூனை சில மணி நேரம் கழித்துக் கசிய ஆரம்பிப்பதும் இந்த வகைதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் எல்லோரும் நாய்களைப் பார்த்துப் பழகியவர்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்குத் தட்டணு குறைந்தால் வயிறு முழுக்கப் புள்ளி தெரியும். பூனை அப்படி இல்லை. தட்டணு மிகக் குறைந்த நிலையிலும் ஒரு புள்ளிகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கும். புள்ளி இல்லை, அதனால் தட்டணு சரி என்று நினைக்க வேண்டாம். இதே போல், தட்டணு குறைவு என்று ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நாய்க்குக் கொடுப்பது மாதிரி டாக்சிசைக்ளின் எழுதிவிடும் பழக்கமும் வேண்டாம். பூனையில் உண்ணிக் காய்ச்சல் அரிது. அதோடு அந்த மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க வைத்தால் பூனையின் உணவுக்குழாயில் ஒட்டி, புண்ணாகி, அந்த இடம் சுருங்கிப் போகும். ஒரு தவறான எண் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்து விசாரணை. வீட்டில் எலி மருந்து வைத்தீர்களா என்று கேட்டால் "இல்லவே இல்லை டாக்டரம்மா" என்பார்கள், உண்மையாகத்தான் சொல்வார்கள். பக்கத்தில் அரிசிக் கடை இருக்கிறதா, குடோன் இருக்கிறதா, பூனை எலி பிடித்துத் தின்னுமா என்று கேளுங்கள். கடைகளில் கேக் வடிவத்தில் விற்கிற புரோமாடியலோன் வகை மருந்து, வைட்டமின் கே வேலை செய்வதை நிறுத்தி ரத்தம் உறையாமல் செய்வது. அதைத் தின்ற எலியைத் தின்றும் பூனைக்குப் பாதிப்பு வரலாம். தின்ற அன்றே எதுவும் தெரியாது. கசிவு தெரிவதற்கு மூன்று நாள், ஐந்து நாள்கூட ஆகும். கடையில் கிடைக்கிற எல்லா எலி மருந்தும் இந்த வகை இல்லை. ஜிங்க் பாஸ்பைடு வேறு விஷம், அதற்கு வேறு வைத்தியம். முடிந்தால் அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

என்ன மாத்திரை கொடுத்தார்கள், தைராய்டுக்கு மெத்திமசோல் ஓடுகிறதா, வலிக்கென்று வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்தார்களா, பல் விழும் வயதில் அதிகமாக ரத்தம் வந்ததா, கூடப் பிறந்த குட்டிகள் எப்படி இருக்கின்றன, இதற்கு முன் அறுவை நடந்து நன்றாக ஆறியதா? கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். கருத்தடை அறுவையைப் பிரச்சினை இல்லாமல் தாண்டிய பூனைக்குக் கடுமையான பிறவிக் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு.

ரத்தம் எடுப்பது

நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான், நீங்களும் செலவழியுங்கள். நான்கு கிலோ பூனையின் உடம்பில் மொத்தமே ஏறத்தாழ 240 மி.லி. ரத்தம்தான் இருக்கிறது. ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கிற பூனையிடம் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எடுக்கிற வசதி நமக்குக் கிடையாது.

உறையாமை இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே கழுத்து நரம்பைத் தொடாதீர்கள். உள்ளே கசிந்தால் வெளியிலிருந்து அழுத்தி நிறுத்த முடியாது, கழுத்து வீங்கி மூச்சுக்குழாயை நெருக்கும். பின்னங்காலின் உட்புறத்து நரம்பு நல்லது. எடுத்து முடித்ததும் ஐந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. சிறுநீர்ப்பையில் ஊசி குத்திச் சிறுநீர் எடுப்பது, கல்லீரலில் ஊசி வைப்பது எல்லாம் ரிப்போர்ட் வந்த பிறகுதான்.

சீறுகிற பூனையை நாலு பேர் சேர்ந்து அமுக்கி எடுத்த ரத்தம் இந்தப் பரிசோதனைக்குப் பயன்படாது. ஊசி ஒரே குத்தில் நரம்புக்குள் போக வேண்டும். உள்ளே தேடித் தேடித் திருப்பினால் திசுச் சாறு ரத்தத்தில் கலந்து, சிரிஞ்சுக்குள்ளேயே உறைதல் தொடங்கிவிடும். பூனை நிலையாக இருந்தால், வீட்டிலிருந்து கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் பதற்றத்தைக் குறைக்கும் கபாபென்டின் கொடுத்துக் கூட்டிவரச் சொல்வேன். மூச்சு வாங்குகிற பூனைக்கு முதலில் ஆக்சிஜன், டெஸ்ட் அப்புறம்.

நீல மூடிக் குழாயில் இருப்பது 3.2 சதவீத சோடியம் சிட்ரேட். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு; கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கடையில் கிடைக்கிற குழாய் 1.8 மி.லி. ரத்தத்துக்கானது, உள்ளே 0.2 மி.லி. சிட்ரேட் இருக்கும். பூனையிடம் ஒரு மி.லி. மட்டும் எடுத்து அதில் விட்டுவிட்டால் சிட்ரேட் அதிகமாகி, நன்றாக உறைகிற ரத்தமும் உறையாதது மாதிரி ரிப்போர்ட் வரும். பூனை ரிப்போர்ட்டுகளில் நான் பார்க்கிற பொய்களில் இது முக்கியமானது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மூன்று சிரிஞ்சு, ஒரு பட்டர்ஃபிளை ஊசி. இரண்டாவது சிரிஞ்சில் நீலக் குழாயிலிருந்து சரியாக 0.1 மி.லி. சிட்ரேட்டை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். நரம்பில் ஊசி ஏறியதும் முதல் சிரிஞ்சால் அரை மி.லி. எடுங்கள், திசுச் சாறு இருந்தால் அதில் வந்துவிடும், அதை வெறும் குழாயில் விட்டுக் கல்லீரல், சிறுநீரக டெஸ்டுக்கு வைத்துக்கொள்ளலாம். உடனே சிரிஞ்சை மாற்றி, இரண்டாவதில் 1.0 என்ற கோடு வரை மெதுவாக இழுங்கள். 0.9 ரத்தம், 0.1 சிட்ரேட். வேகமாக இழுத்தால் நுரைக்கும், செல் உடையும். கையில் வைத்தே மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள்; குலுக்க வேண்டாம். மூடியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் குழாயில் விடுங்கள். கடைசியாக மூன்றாவது சிரிஞ்சில் தேவையான அளவு ரத்தம் எடுத்து ஊதா மூடி, அதாவது இ.டி.டி.ஏ. குழாய்க்கு. ஊதாக் குழாயைத் தொட்ட சிரிஞ்சு நீலக் குழாய்ப் பக்கமே வரக் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து விட்டுக் கழுவிய கேத்திட்டரிலிருந்து எடுத்த ரத்தமும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஒரு மரக் குச்சியை ஊதாக் குழாய்க்குள் விட்டுச் சுற்றி எடுத்துப் பாருங்கள். பிசுக்கென்று ஒரு நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே உறைந்துவிட்டது. உறைந்த சாம்பிளை அனுப்புவது வீண். அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சிட்ரேட் ரத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கிற பிளாஸ்மாவைப் பிளாஸ்டிக் பிப்பெட்டால் எடுத்துப் பிளாஸ்டிக் குழாயில் வையுங்கள். கண்ணாடி வேண்டாம், கண்ணாடியைத் தொட்டாலே உறைவுப் பாதை தூண்டப்படும். நாலு மணி நேரத்துக்குள் டெஸ்ட் நடக்காது என்றால் பிளாஸ்மாவை உறைய வைத்து ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். சுற்றாத முழு ரத்தத்தை பஸ்ஸில் பார்சலாக அனுப்பிவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று: வைட்டமின் கே போடுவதற்கு முன், ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றுவதற்கு முன் இந்தச் சாம்பிளை எடுத்துவிடுங்கள். வைத்தியத்தை நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. இரண்டு நிமிட வேலை, முதலில் செய்துவிடுங்கள்.

தட்டணு: மெஷினை நம்பாமல் கண்ணை நம்புங்கள்

ஆரோக்கியமான பூனைக்கு ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் இரண்டு லட்சம் முதல் ஐந்து லட்சம் தட்டணு இருக்கும். செல் எண்ணுகிற சாதாரண மெஷின் அளவை வைத்துத்தான் பிரிக்கிறது: சின்னது தட்டணு, பெரியது சிவப்பணு. பூனையிலோ சிவப்பணு சிறியது, தட்டணு பெரியது. சில தட்டணுக்கள் சிவப்பணு அளவுக்கே இருக்கும். மெஷின் அவற்றைச் சிவப்பணுக் கணக்கில் சேர்த்துவிடும். போதாததற்குப் பூனையின் தட்டணுக்கள் கொஞ்சம் சீண்டினாலே ஒன்றோடொன்று ஒட்டித் திட்டுத் திட்டாகிவிடும். நூறு சேர்ந்த ஒரு திட்டைத் தட்டணுவாகவே மெஷின் எடுத்துக்கொள்ளாது. விளைவு, எந்தக் குறையும் இல்லாத பூனைக்கு 40,000 என்று ரிப்போர்ட் வரும், பக்கத்தில் சிவப்பில் ஒரு அம்புக்குறியும் இருக்கும்.

அதனால் ஒவ்வொரு பூனைக்கும் ஸ்மியர் போட வேண்டும். ரத்தம் எடுத்த கையோடு, ஒரு துளியை ஸ்லைடில் வைத்து இழுத்து, காய வைத்து, லீஷ்மனோ வேறு எந்தச் சாயமோ உங்களிடம் இருப்பதைப் போடுங்கள். முதலில் குறைந்த பெரிதாக்கத்தில் ஸ்மியரின் கடைசி ஓரத்துக்கு, இழை இழையாக முடிகிற இடத்துக்கு, போய்விடுங்கள். திட்டுகள் இழுபட்டு வந்து அங்கேதான் சேர்ந்திருக்கும். இளஊதா நிறத்தில், உள்ளே பொடிப்பொடியாக மணிகள் தெரிகிற ஒழுங்கில்லாத குவியல்கள். அப்படிப் பெரிதாக நாலைந்து தெரிந்தாலே போதும்: இந்தப் பூனைக்குத் தட்டணு தேவையான அளவு இருக்கிறது, எண்ணிக்கை சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

திட்டு இல்லை என்றால், சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரவியிருக்கிற இடத்துக்கு வாருங்கள். எண்ணெய் விட்டு நூறு லென்ஸ் வையுங்கள். பத்து வட்டங்களில் தட்டணுக்களை எண்ணிச் சராசரி எடுங்கள். சராசரியை 15,000 முதல் 20,000 வரையான எண்ணால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு மைக்ரோலிட்டர் கணக்கு கிடைக்கும். ஒரு வட்டத்துக்குப் பத்துக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. இரண்டோ மூன்றோதான் என்றால் 50,000 பக்கம் வந்துவிட்டது. தானாகவே ரத்தம் கசியக்கூடிய எல்லை அதுதான். ஒரு வட்டத்திலும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது நிஜமான, ஆபத்தான குறைவு. கொஞ்ச நேர வேலைதான் இது. இதைச் செய்யாமல் எந்தப் பூனைக்கும் 'பிளேட்லெட் குறைவு' என்று சீட்டில் எழுதாதீர்கள் என்று ரொம்பவே வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

நிஜமாகவே குறைவு என்று தெரிந்தால் பூனை லுகேமியா வைரஸ், எஃப்.ஐ.வி. (பூனை எய்ட்ஸ் வைரஸ்) இரண்டுக்கும் கிட் டெஸ்ட் போடுங்கள். தடுப்பூசி போடாத குட்டி, வாந்தி, வெள்ளையணுவும் சேர்ந்து குறைவு என்றால் பூனைகளின் பார்வோ வைரஸ் நோயான பான்லுகோபீனியாவை முதலில் நினையுங்கள். எஃப்.ஐ.பி. (பூனைக் கொரோனா வைரஸால் வரும் நோய்), புற்றுநோய், எலும்பு மஜ்ஜைக் கோளாறு, மருந்தால் வருவது, தன் தட்டணுவைத் தானே அழிக்கும் நோய் என்று பட்டியல் அதற்குப் பிறகும் நீளும்.

ஸ்மியரில் தட்டணு நிறைய இருந்தும் ஈறு கசிகிறது என்றால் எண்ணிக்கை சரி, வேலை சரியில்லை. அப்போதுதான் உதட்டின் உட்புறத்தில் சின்னக் கீறல் போட்டு, ரத்தம் நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கிற பரிசோதனை. மேல் உதட்டைத் திருப்பிக் காஸ் துணியால் லேசாகக் கட்டி, அதற்கென்று உள்ள பிளேடால் கீறி, வழிகிற ரத்தத்தை மட்டும் வடிதாளால் ஒற்றி எடுக்க வேண்டும். புண்ணின் வாயைத் தொடக் கூடாது. பூனைக்கு மயக்கம் கொடுத்தால்தான் முடியும். மூன்று நிமிடத்துக்குள் நிற்க வேண்டும். தட்டணு குறைவு என்று ஏற்கெனவே தெரிந்த பூனைக்கு இதைச் செய்வதில் பயன் ஏதும் இல்லை, வதைதான் மிச்சம். புகை நிறப் பெர்சியன்களில் செடியாக்-ஹிகாஷி என்று ஒரு பிறவி நோய் உண்டு. தட்டணுவின் உள்மணிகள் சரியாக அமையாததால் ரத்தம் நிற்கத் தாமதமாகும். ஸ்மியரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களுக்குள் வழக்கத்தைவிடப் பெரிய மணிகள் தெரியும். பெர்சியன் ஸ்லைடைப் பார்க்கும்போது அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.டி., ஏ.பி.டி.டி.: மனித லேபில் பூனை ரத்தம்

பிளாஸ்மாக் காரணிகளைச் சோதிக்க இரண்டு டெஸ்ட். பி.டி. (புரோத்ராம்பின் டைம்) என்பது ஏழாம் காரணி வழியையும், இரண்டு வழிகளுக்கும் பொதுவான 10, 5, 2 காரணிகளையும் ஃபைப்ரினுக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜெனையும் பார்க்கிறது. ஏ.பி.டி.டி. (ஆக்டிவேட்டட் பார்ஷியல் த்ராம்போபிளாஸ்டின் டைம்) என்பது 12, 11, 9, 8 காரணிகளையும் அதே பொதுப் பகுதியையும் பார்க்கிறது. இரண்டிலும் விடை விநாடியில் வரும்: ரசாயனம் சேர்த்த பிளாஸ்மா உறைய எத்தனை விநாடி ஆனது என்பது.

இங்கேதான் மனித லேப் பெரிய குழி வெட்டி வைத்திருக்கிறது. மனிதர்களுக்கு ஏ.பி.டி.டி. சுமார் 25 முதல் 35 விநாடி. பூனையின் ரத்தம் அதைவிடச் சீக்கிரம் உறையும். ரசாயனத்தையும் மெஷினையும் பொறுத்து மாறினாலும், பல லேபுகளில் பூனைக்கு ஏ.பி.டி.டி. 14 முதல் 20, பி.டி. 8 முதல் 12 விநாடிக்குள் அடங்கிவிடும். அதாவது, மனிதக் கணக்கில் 'நார்மல்' என்பது பூனைக் கணக்கில் கோளாறாக இருக்கலாம்.

என்னிடம் வந்த மஞ்சள் காமாலைப் பூனை ஒன்றைச் சொல்கிறேன். பெயர் கருப்பன், பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, உணவுக் குழாய் போட வேண்டும். லேபில் இருந்து போன்: "மேடம், ரிப்போர்ட் நார்மல்தான். பி.டி. பதிமூணு, ஏ.பி.டி.டி. முப்பது." அச்சிட்ட தாளிலும் ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. ஆனால் அதே காலையில், அதே மாதிரி எடுத்து, அதே பெட்டியில் கிளினிக் உதவியாளர் வீட்டு ஆரோக்கியமான பூனையின் பிளாஸ்மாவையும் அனுப்பியிருந்தேன். அதற்கு பி.டி. 9, ஏ.பி.டி.டி. 16. பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விஷயம் தெளிவாகிவிட்டது. வைட்டமின் கே1 கொடுத்து, மறுபடி பார்த்து, எண் இறங்கிய பிறகுதான் குழாய் போட்டோம்.

ஆகவே இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: நோயாளிப் பூனையின் குழாயோடு ஒரு நலமான பூனையின் குழாயும் போக வேண்டும். ஒரே நாள், ஒரே முறை, ஒரே மெஷின். நலமான பூனையைவிட 25 சதவீதத்துக்கு மேல் நீண்டிருந்தால் அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன கணக்கில் 16-க்கு 20 எல்லை. டெக்னீஷியனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 'பூனை' என்று குழாயில் எழுதுங்கள், விநாடியை மட்டும் கேளுங்கள், ஐ.என்.ஆர். தேவையில்லை; அது வார்ஃபாரின் சாப்பிடுகிற மனிதர்களுக்கான கணக்கு. பிளாஸ்மா கடும் மஞ்சளாகவோ கொழுப்பால் வெளுத்தோ சிவந்தோ இருந்தால், ஒளியை வைத்துப் படிக்கிற மெஷின் தடுமாறும், அதையும் சொல்லிவிடுங்கள்.

வந்த எண்ணைப் படிப்பது

பி.டி. மட்டும் நீண்டிருக்கிறது என்றால் ஏழாம் காரணி குறைகிறது. அதன் ஆயுள் மிகக் குறைவு, சில மணி நேரம்தான். அதனால் வைட்டமின் கே தட்டுப்பாட்டில் அதுதான் முதலில் தீரும். எலி மருந்து தின்ற ஆரம்பக் கட்டம், கல்லீரல் நோயின் தொடக்கம் இரண்டும் இப்படி வரும். தின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஓடி வந்தவர்களுக்கு அன்றே பி.டி. எடுத்து நார்மல் என்று சொல்லி அனுப்பாதீர்கள். 48 முதல் 72 மணி நேரம் கழித்து எடுக்கிற பி.டி.தான் பேசும்.

இரண்டுமே நீண்டிருந்தால்: முற்றிய எலி மருந்து விஷம், கல்லீரல் நோய், உடல் முழுக்கச் சின்னச் சின்னதாக உறைந்து காரணிகளெல்லாம் தீர்ந்துபோகும் டி.ஐ.சி. பூனைக்கு டி.ஐ.சி. வருவது பெரும்பாலும் புற்றுநோய், கணைய அழற்சி, ரத்தத்தில் கிருமி போன்றவற்றின் பின்னால்தான். நாயைப் போல வெளிப்படையாக ரத்தம் கொட்டுவது குறைவு. தட்டணுவும் குறைந்து, இரண்டு நேரமும் நீண்டு, ஃபைப்ரினோஜெனும் இறங்கி, பூனையும் மோசமாக இருந்தால் டி.ஐ.சி. என்று எடுத்துக்கொண்டு மூல நோயைத் தேடுங்கள். பித்தம் குடலுக்குப் போகாத கல்லீரல் நோயில் வைட்டமின் கே உறிஞ்சப்படுவதில்லை. பூனையில் இது அடிக்கடி நடக்கிறது, எளிதில் சரிசெய்யவும் முடிகிறது. டெவான் ரெக்ஸ் இனத்தில் பிறவியிலேயே வைட்டமின் கே சார்ந்த காரணிகள் எல்லாம் செயலற்றுப்போகும் நோய் உண்டு. அதற்கும் கே1 பலன் தரும்.

ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டிருக்கிறது, பி.டி. சரி. இந்த முடிவுதான் அதிகம் பயமுறுத்தும், பல நேரம் பயப்பட ஒன்றும் இருக்காது. பூனைகளில் அதிகமாகக் காணப்படுகிற பிறவிக் குறை 12-ஆம் காரணி இல்லாமை. ஏ.பி.டி.டி. இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூடப் போகும், ஆனால் பூனைக்கு ரத்தக் கசிவே வராது. இந்தக் காரணிக்கு ஹேகெமன் காரணி என்று பெயர். ஜான் ஹேகெமன் அமெரிக்காவில் ரயில்வே தொழிலாளி. 1950களில் அறுவைக்கு முன் எடுத்த பரிசோதனையில் அவர் ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய மிகவும் தாமதமாவதை ஆஸ்கார் ராட்னாஃப் என்ற ரத்தவியல் டாக்டர் கண்டார்; ஆனால் ஹேகெமனுக்கு வாழ்நாளில் ரத்தக் கசிவுத் தொல்லை இருந்ததே இல்லை. 1968இல் அவர் இறந்தது நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்து. சோதனைக் குழாயில் நடப்பது எல்லாம் உடம்பில் நடப்பதில்லை என்பதற்கு மருத்துவத்தில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. கருத்தடைக்கு வந்த, எந்தக் கசிவும் இல்லாத பூனைக்கு ஏ.பி.டி.டி. 50 என்று வந்தால் முதலில் சாம்பிளில் ஹெப்பாரின் கலந்ததா, சிட்ரேட் அளவு சரியா என்று பாருங்கள், அப்புறம் 12-ஆம் காரணியை நினையுங்கள்.

ஆனால் அதே எண் ஓர் இளம் ஆண் பூனைக்கு வந்து, அதற்கு மூட்டு வீக்கமும் விதை நீக்கிய இடத்தில் நிற்காத கசிவும் இருந்தால் அது ஹீமோபீலியா. எட்டாம் காரணியோ ஒன்பதாம் காரணியோ இல்லை. தாய் வழியாக மகனுக்கு வருவது. எது என்று உறுதிசெய்யத் தனித்தனிக் காரணி அளவு பார்க்க வேண்டும், அதற்குப் பூனை பிளாஸ்மாவை வைத்து அளவிடுகிற லேப் வேண்டும்.

இரண்டும் சரி, ஆனாலும் கசிகிறது என்றால் தட்டணுவுக்குத் திரும்பிப் போங்கள், அல்லது கசிகிற இடத்திலேயே காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் ரத்தம் வருகிற கிழப் பூனைக்கு மூக்கில் கட்டி இருக்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு காரணி 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஏ.பி.டி.டி. நீளும். லேசான குறையை இந்த டெஸ்ட் பிடிக்காது.

எளிய மேலதிகச் சோதனை ஒன்று எந்த லேபிலும் செய்யலாம். நோயாளியின் பிளாஸ்மாவையும் நலமான பூனையின் பிளாஸ்மாவையும் சமமாகக் கலந்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். நேரம் சரியாகிவிட்டால் ஏதோ ஒரு காரணி குறைவு. சரியாகவில்லை என்றால் ஹெப்பாரின் மாதிரி உறைவதைத் தடுக்கிற பொருள் ஏதோ உள்ளே இருக்கிறது. உறைந்த கட்டி கரைவதைக் காட்டுகிற டி-டைமர் டெஸ்ட் பூனையில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. ரத்தம் உறைந்து இறுகுவதை வரைபடமாகக் காட்டுகிற மெஷின்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. இருந்தால் நல்லது, இல்லை என்று வேலை நிற்காது.

ரத்தம் அதிகமாக உறைந்தால்

பின்னங்கால் திடீரென்று விழுந்து, வலியில் கத்தி, பாதம் வெளுத்துச் சில்லிட்டு, தொடையில் நாடி கிடைக்காமல் ஒரு பூனை வந்தால் பி.டி. அனுப்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இதய நோயால் உண்டான கட்டி பெருந்தமனி பிரியும் இடத்தில் போய் அடைத்திருக்கிறது. இந்தப் பூனைகளுக்கு உறைவு நேரங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வலி மருந்தும் இதய ஸ்கேனும்தான் உடனடித் தேவை. பிழைத்த பூனைக்கு மறுபடி கட்டி வராமல் தடுப்பதில் ஆஸ்பிரினைவிட கிளோபிடோக்ரெல் நல்லது என்று 2015இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது, 75 மி.கி. மாத்திரையில் கால் பங்கு, தினம் ஒரு வேளை.

வைட்டமின் கே கொடுத்த பிறகு

எலி மருந்துக்கு கே1-தான் வேண்டும். சீட்டில் வெறுமே 'வைட்டமின் கே' என்று எழுதினால் மருந்துக் கடையில் கே3 கொடுத்துவிடுவார்கள். அது இதற்கு உதவாது. நரம்பில் போட வேண்டாம், ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம். தசையில் போட்டால் ரத்தம் கட்டும். மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் போட்டு, பூனை சாப்பிட ஆரம்பித்ததும் வாய் வழியாக, கொழுப்புள்ள உணவோடு கொடுங்கள். நாளுக்குக் கிலோவுக்கு 2.5 முதல் 5 மி.கி. வரை. கல்லீரல் நோய்க்கு இவ்வளவு தேவையில்லை, கிலோவுக்கு 0.5 முதல் 1.5 மி.கி., பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, மூன்று வேளை போதும். மருந்து வேலை செய்யச் சில மணி நேரமாவது ஆகும். அதுவரை தாங்காது என்றால் பிளாஸ்மா ஏற்ற வேண்டும். அதற்கு முன் ரத்த வகை பார்த்தாக வேண்டும்: பூனைகளுக்கு ஏ, பி, ஏபி வகைகள் உண்டு, ஏ, பி வகைப் பூனைகளுக்கு மாற்று வகைக்கு எதிரான பொருள் இயல்பாகவே ரத்தத்தில் இருப்பதால் முதல் தடவையே ஆபத்து.

நெஞ்சில் தேங்கிய ரத்தத்தை மூச்சுக்குத் தேவையான அளவு மட்டும் எடுங்கள். மீதியை உடம்பே திரும்ப எடுத்துக்கொள்ளும். மாத்திரையை மூன்று நான்கு வாரம் தொடருங்கள். பூனை இரண்டாம் நாளே துள்ளி விளையாடும், வீட்டில் நிறுத்திவிடுவார்கள், அதனால் தேதியைச் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வரச் சொல்லி, நலமான பூனையின் குழாயோடு சேர்த்து, பி.டி. ஒரு முறை பாருங்கள். நீண்டிருந்தால் இன்னும் இரண்டு வாரம் மாத்திரை கொடுத்து, நிறுத்தி, அதேபோல் மறுபடி பாருங்கள்.